கல்தொட்டிக்குப் பழியில்லை

கல்லைத் துலக்குவதற்குத் தேங்காய்ப் பொச்சை விட நல்லது ஒன்றும் இல்லை. சிலர் தேசிக்காய் தேய்ப்பார்கள். அந்தப் புளி நாளடைவில் கல்லைத் தின்றுவிடும். சவர்க்காரம் போட்டால் வழுவழுப்பு நின்றுவிடும். பொச்சும் சலித்த அடுப்புச் சாம்பலும் போதும். எங்கள் சூசையப்பர் கோயிலின் ஞானஸ்நானத் தொட்டியை என் இளவயதிலிருந்து நான் அப்படித்தான் துலக்கிவந்திருக்கிறேன். இப்போது எனக்கு ஐம்பது கடந்துவிட்டது. நீங்களே தொட்டுப் பார்த்தீர்கள், சுவாமி. அதில் ஒரு கறை கண்டீர்களா?

அதனால்தான் நீங்கள் எழுதிக்கொண்டு வந்ததை வாசித்துக் காட்டியபோது எனக்கு மனம் பொறுக்கவில்லை. கோயிலின் ஐம்பதாவது ஆண்டுக்குச் சரித்திரம் எழுதும்படி உங்களைக் கொட்டாஞ்சேனைப் பெரிய கோயிலிலிருந்து அனுப்பியிருக்கிறார்கள். நல்ல விஷயம். கொன்ஸ்ரன்ரைன் சுவாமியின் தமிழ் நல்ல தமிழ் என்று உங்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன். ஆனால், குழந்தைகளுக்கு நோய் வரக் காரணமாயிருந்த பழைய தொட்டி அகற்றப்பட்டது என்று ஒரு வரி போட்டிருக்கிறீர்கள். அடுத்த மாதம் அதை உடைத்துப் புதைக்கப்போகிறார்கள் என்றும் சொன்னீர்கள். அந்த வரி பிழை. தொட்டியின் மேல் ஒரு பழியும் இல்லை. ஏன் என்று சொல்கிறேன். ஆறுதலாக எழுதிக்கொள்ளுங்கள்.

என் பாட்டனார் மனுவேற்பிள்ளை யாழ்ப்பாணத்திலிருந்து வந்தபோது வெள்ளவத்தை வெறும் ஊர்தான். காலி வீதியில் மாட்டுவண்டி, கடற்கரையில் தாழம்புதர், உள்ளுக்குப் போனால் வயல், அதற்கப்பால் கால்வாய். பூசை காண்பதென்றால் கொட்டாஞ்சேனைக்குப் போகவேண்டும். துறைமுகத்தில் கடலுக்குள் சுவர் கட்டிய காலத்தில் பாட்டனார் கல் ஏற்றிக் கொடுக்கும் கொந்தராத்து எடுத்திருந்தார். அந்த வருமானத்தில் கால்வாய்க்கரையில் காணி வாங்கிக் கோயிலைக் கட்டினார். சுவருக்கென்று வெட்டிய கல்லில் வெடிப்பில்லாத ஒன்றைத் தேர்ந்து, அதிலேயே தொட்டியைக் குடைவித்தார். எட்டு மூலை. உள்ளே ஈயம் பூசிய செப்புப் பாத்திரம்; தலையிலிருந்து வடிகிற தண்ணீர் தனியாக மண்ணுக்குள் இறங்கப் பக்கத்தில் ஒரு குழி. மேலே தேக்குமர மூடி, மூடிக்குப் பூட்டு. கல்லை வண்டியிலிருந்து இறக்கும்போது கூலிக்காரன் ஒருவனுடைய கை நசுங்கிப்போயிற்றாம். கல்லில் பட்ட இரத்தத்தைக் கழுவித் தேய்த்து, போதாதென்று மறுபடியும் தேய்த்து, அதன் பின்தான் மந்திரிக்கக் கொடுத்தார் என்று அப்பா பெருமையாகச் சொல்வார். சுத்தம் எங்கள் குடும்பத்துக்கு வந்தது அப்படி.

பூட்டின் திறப்பு எங்கள் வீட்டில்தான் இருந்தது. பாட்டனாருக்குப் பிறகு அப்பா. அப்பாவுக்குப் பிறகு நான். நான் கலியாணம் செய்யவில்லை. வேலை கடினமானதல்ல. ஞாயிறு பின்னேரம் ஞானஸ்நானம் என்றால் மூடியைத் திறந்து, உள்ளே இருக்கும் மந்திரித்த தண்ணீரை வெள்ளிச் செம்பில் மொண்டு, சுவாமியின் பக்கத்தில் வைக்கவேண்டும். நீதவானின் பிள்ளைகள், டாக்குத்தர்மார் வீட்டுப் பிள்ளைகள், ஹெவ்லொக் டவுனிலிருந்து காரில் கொண்டுவரப்பட்ட பிள்ளைகள் எல்லாம் நான் மொண்டு வைத்த தண்ணீரில்தான் கிறிஸ்தவர்களானார்கள்.

மற்றவர்களும் இருந்தார்கள். கோயிலுக்குப் பின்னால், கால்வாயோரமாக, ஒரு லயம், ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக ஒற்றை அறைகள். பட்டணத்து வீடுகளின் மலவாளிகளைத் தூக்குகிறவர்களை இந்தியாவிலிருந்து கூட்டிவந்து அதில் இருத்தியிருந்தார்கள். அவர்களிலும் ஞானஸ்நானம் பெற்ற வேதக்காரர் உண்டு. அவர்களுடைய சாதிப் பெயரைச் சொல்ல என் நாக்குக் கூசும், நான் சொல்வதில்லை. விடியற்புறம் வாளிவண்டி வீதியால் போகும்போது யன்னல்களை அடைத்துவிட்டு, ஓடிக்கொலோன் நனைத்த லேஞ்சியை மூக்கில் வைத்துக்கொண்டிருப்பேன். வண்டி போன பிறகு பார்த்தால் வழிந்தது வீதி நெடுகக் கோடு போட்டிருக்கும். கோட்டின் மேல் ஈ. அதே கைகள் பிறகு கோயிலில் கும்பிடும். நான் நகக்கண்களைப் பார்ப்பேன். பார்க்கக்கூடாதென்று நினைத்தாலும் கண் அங்கேதான் போகும்.

அவர்களுடைய பிள்ளைகளுக்குப் பக்க விறாந்தையில் ஓர் எனாமல் பேசினில் ஞானஸ்நானம் கொடுப்பது வழக்கம். பாட்டனார் காலத்திலிருந்தே அப்படி. ஒருவரும் குறை சொன்னதில்லை.

லெக்ளேர் சுவாமி இருபத்தாறாம் ஆண்டு வந்தார். பிரெஞ்சுக்காரர், இளம் வயது, நல்ல மனிதர். தமிழைப் புத்தகத்தில் படித்தபடியே பேசுவார். வந்த முதல் கிழமையே விறாந்தையில் பேசினைக் கண்டு இது என்ன என்று கேட்டார்.

"அது அவையளுக்குரியது, சுவாமி," என்றேன்.

அடுத்த நாள் பார்த்தால் பேசின் கோழிக்கூட்டுக்குள் கிடந்தது. கோழிகள் அதில் தண்ணீர் குடித்துக்கொண்டு நின்றன.

"றெஜினம்மா, இன்று தொடக்கம் எல்லாருக்கும் ஒரே தொட்டி. ஒரே தண்ணீர்," என்றார்.

"ஓம் சுவாமி," என்றேன். குருவானவரோடு வாதாடும் பழக்கம் எங்கள் வீட்டில் இல்லை.

முதலாவது பிள்ளையைக் கொண்டுவந்தார்கள். தாயின் சட்டை பாலில் நனைந்து புளித்த மணம் அடித்தது. பிள்ளையின் உச்சந்தலையில் செதில். எண்ணெயும் அழுக்கும் சேர்ந்து மயிர் திரிதிரியாக ஒட்டியிருந்தது. அந்தத் தலையைப் பாட்டனாரின் தொட்டிக்கு மேலே பிடித்தார்கள். சுவாமி ஊற்றிய தண்ணீர் தலையில் பட்டுத் தெறித்துக் கல்லின் விளிம்பில் விழுந்தது. நான் எல்லாரும் போகும்வரை நின்று, பொச்சால் தேய்த்தேன். விரல்நுனி உரிந்தது. வீட்டுக்குப் போய் முழுகினேன். சோற்றுக் கோப்பையை முன்னால் வைத்தால் அதே புளித்த மணம். இரண்டு கிழமை எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இது பகை என்று நீங்கள் நினைக்கக்கூடாது, சுவாமி. பகையென்றால் அவர்களைப் பற்றி நான் யோசித்திருக்கவேண்டும். நான் தொட்டியைப் பற்றித்தான் யோசித்தேன்.

யோசித்தபோது வழி சுலபமாகக் கிடைத்தது. செம்பில் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று சுவாமி ஒருநாளும் பார்ப்பதில்லை. எந்தத் தண்ணீரில் கொடுத்தாலும் ஞானஸ்நானம் செல்லும் என்று ஞானோபதேசத்திலேயே இருக்கிறது. ஆகவே லயத்துப் பிள்ளைகள் வரும் நாட்களில் பூட்டைத் திறப்பதுபோலத் திறந்து, மூடியைத் தூக்கி, ஏற்கெனவே நிரப்பி வைத்த வேறு செம்பை எடுத்துக் கொடுத்தேன். லயத்துக் கிணற்றுத் தண்ணீர். அவர்களுடைய தண்ணீர் அவர்களுக்கு. அவர்களின் ஆத்துமத்துக்கும் நட்டமில்லை, தொட்டித் தண்ணீருக்கும் தீட்டில்லை.

ஏறக்குறைய ஒரு வருடம் அப்படியே போயிற்று. பிள்ளைகள் கொழுகொழுவென்று வளர்ந்தார்கள். ஆனால் ஒரு விஷயம் என்னை அரித்தது. ஒருநாள் இரண்டு செம்புகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒரே மாதிரி இருந்தன. ஒரே தெளிவு. நானே கண்ணை மூடித் திறந்தால் எது எதென்று சொல்லமுடியாது. மனத்துக்கு ஒரு மாதிரி இருந்தது. வேறுபாடு இல்லையென்றால் நான் இவ்வளவு பாடுபட்டதற்கு என்ன அர்த்தம்?

லயத்துக்குக் கீழே கால்வாய் வளைகிற இடத்தில் வாளிகளைக் கழுவுவார்கள். தண்ணீர் அங்கே ஓடாது. மேலே பச்சையாக ஆடை கட்டியிருக்கும். அதற்குள் குமிழி வந்து வந்து உடையும். மூடியுள்ள ஒரு கூசாவை எடுத்துக்கொண்டு நான் அங்கே போனேன். வேலைக்காரியை அனுப்பவில்லை. நானே போனேன். முதல் தடவை கரையில் நின்று வாந்தி எடுத்தேன். அந்த அருவருப்பை ஆண்டவருக்கு ஒப்புக்கொடுத்தேன். சிலர் உபவாசம் இருக்கிறார்கள், சிலர் முழங்காலில் நடக்கிறார்கள், எனக்கு இது. வீட்டுக்குக் கொண்டுவந்து, நாலாக மடித்த துணியில் வடித்து, படிகாரம் போட்டு ஊறவைத்தால் தண்ணீர் கண்ணாடிபோலத் தெளிந்துவிடும். மணம்தான் மிஞ்சும். அதற்குக் கொஞ்சம் பன்னீர் விடுவேன். லெக்ளேர் சுவாமி அதைக் கவனித்துச் சந்தோஷப்பட்டார்.

"றெஜினம்மா, இந்தப் பிள்ளைகளுக்குப் பன்னீர் கலக்கிறீர்களா? உங்கள் இருதயம் மாறியிருக்கிறது," என்றார்.

நான் தலை குனிந்தேன்.

தலையில் ஊற்றும் தண்ணீரால் என்ன வந்துவிடும் என்று நீங்கள் கேட்கலாம். ஞானஸ்நானத்தில் பிள்ளையின் நாக்கில் உப்பு வைப்பார்கள். பிள்ளை வாயைப் பிளந்து அழுதுகொண்டேயிருக்கும். ஊற்றும்போது நெற்றியால் வடிந்து வாய்க்குள் போகும். அதைவிட, அந்தச் சனங்களுக்கு ஒரு பழக்கம். செம்பில் மிஞ்சியதைப் போத்தலில் கேட்டு வாங்கிப்போய், பிள்ளைக்கு வயிறு ஊதினாலும் காய்ச்சல் காய்ந்தாலும் கரண்டியால் பருக்குவார்கள். நல்ல குடும்பத்துப் பிள்ளைகளின் தாய்மார் ஒருநாளும் அப்படிக் கேட்டதில்லை. கேட்டவர்களுக்கு நான் இல்லையென்று சொன்னதில்லை.

முதலாவதாகப் போனது சவேரியம்மாளின் பெண்பிள்ளை. சவேரியம்மாளுக்கு இருபது வயதிருக்கும். புருஷன் வாளிவண்டியில், அவள் லயத்து வாசலைக் கூட்டிப் பெருக்கிக்கொண்டு, போகிறபோதெல்லாம் எனக்குக் கும்பிடு போடுவாள். பிள்ளைக்கு வயிற்றால் போய், கண் குழிந்து, ஒரு கிழமைக்குள் முடிந்துவிட்டது. அந்த மழைக்காலத்தில் இன்னும் பிள்ளைகள் போயின. எத்தனை என்று நான் எண்ணவில்லை. லயத்துச் சவப்பெட்டிகள் சின்னவை. ஒருவன் தன் தோளிலேயே தூக்கிக்கொண்டு போவான்.

எனக்கு அப்போது தெரியாது என்று சொன்னால் நீங்கள் நம்புவீர்கள். ஆனால் நான் பொய் சொல்வதில்லை. முதலாவது பிள்ளை போனபோது சந்தேகம் வந்தது. மூன்றாவது பிள்ளையோடு சந்தேகம் இல்லை. செம்பை நிரப்பும்போது கை நடுங்குகிறதா என்று பார்த்தேன். நடுங்கவில்லை. கை நடுங்காத காரியம் பிழையான காரியமாக இருக்கமுடியாது என்று அப்போது நினைத்தேன்.

சுகாதாரப் பகுதியிலிருந்து ஓர் ஐயா வந்தார். தொட்டியைத் திறந்து காட்டினேன். சிறிய போத்தலில் தண்ணீர் அடைத்துக்கொண்டு போனார். தண்ணீரில் குற்றமில்லை என்று பதில் வந்தது. அதைத்தானே நானும் சொல்கிறேன்? ஆனால் லயத்துச் சனங்கள் கேட்கவில்லை. ஐயாமார் பிள்ளைகளுக்கு ஆகிற தொட்டி எங்கள் பிள்ளைகளுக்கு ஆகாது, அதில் ஏதோ இருக்கிறது என்றார்கள். கல்லைப் பார்த்துத் துப்பினார்கள், பிள்ளைகளைக் கொண்டுவருவதையும் நிறுத்தினார்கள். நான் துடைத்தேன்.

லெக்ளேர் சுவாமி வேறு விதமாக யோசித்தார். நோய் தம் கையிலிருந்து போகிறது என்று எப்படியோ அவருக்குப் பட்டுவிட்டது. ஞானஸ்நானத்துக்கு முன்னும் பின்னும் காபோலிக் சவர்க்காரத்தால் கை கழுவத் தொடங்கினார். பிறகு பூசைக்கு முன். பிறகு எந்த நேரமும். கைத்தோல் வெடித்து, அப்பத்தைத் தூக்கும்போது விரலில் இரத்தம் கசிவது தெரியும். ஒருநாள் என்னிடம் இரண்டு கைகளையும் நீட்டிக் காட்டி, "றெஜினம்மா, இவற்றில் நீங்கள் என்ன காண்கிறீர்கள்?" என்று கேட்டார். நல்ல மனிதர். அவருக்குத் தடவ நல்லெண்ணெய் கொடுத்தனுப்பினேன்.

சவேரியம்மாள் அடுத்த வருடம் மறுபடியும் பெற்றாள். ஆண்பிள்ளை. நாற்பது நாள் கழித்து அவனைத் தூக்கிக்கொண்டு என் வீட்டு வாசலுக்கு வந்தாள். படியில் ஏறவில்லை, கீழே நின்றாள். அந்த அளவுக்கு நாகரிகம் அவளுக்கு இருந்தது.

"அம்மா, மொதப் பிள்ளைய ஆண்டவரு எடுத்துக்கிட்டாரு. இதையாச்சும் எனக்கு விடணும்," என்றாள்.

"நான் என்ன செய்ய?" என்றேன்.

"நீங்க எந்நேரமும் கோயில்ல இருக்கிறவங்க. உங்க கை சுத்தமான கை. இவனுக்கு நீங்க ஞானத்தாயா நின்னீங்கன்னா ஒண்ணும் வராதும்மா. எங்க ஆளுங்க தொட்டி ஆகாதுங்கிறாங்க. நான் கேக்கல. அம்மா இருக்கிற எடத்துல கெட்டது வருமான்னு சொல்லிட்டு வந்திருக்கேன்."

ஞானத்தாய் என்றால் பிள்ளையைக் கையில் வாங்கவேண்டும். தொட்டிக்கு மேலே நானே பிடிக்கவேண்டும். அவன் எனக்குப் பிள்ளை முறை ஆகிவிடுவான். வீதியில் கண்டால் ஞானம்மா என்று கூப்பிடுவான். யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பினேன். அவள் நேரே லெக்ளேர் சுவாமியிடம் போயிருக்கிறாள். பின்னேரம் சுவாமி வந்தார். கையில் துணி சுற்றியிருந்தார். கண் கலங்கியிருந்தது.

"மாட்டேன் என்று சொல்லிவிடாதீர்கள். இது ஒரு பிள்ளைக்கு மட்டுமல்ல. உங்களைக் கண்டு அந்தச் சனங்கள் திரும்பி வருவார்கள்," என்றார்.

"ஓம் சுவாமி," என்றேன்.

ஞானஸ்நானத்துக்கு முந்தின நாள் கால்வாய்க்கு இரண்டு தடவை போனேன். பிள்ளைக்கு என் பெட்டியிலிருந்து வெள்ளைச் சாட்டின் துணி எடுத்துக் கொடுத்தேன். கையுறை போட்டிருந்தேன், அது மரியாதைக்கு என்று எல்லாரும் நினைத்தார்கள். கோயில் நிறைய லயத்துச் சனங்கள். பிள்ளை கனமில்லை. பால் குடித்த வாயில் வெள்ளை படிந்திருந்தது; கழுத்து மடிப்பில் வேர்வையும் அழுக்கும் பசைபோல இருந்தன. அவன் என் விரலைப் பிடித்துக்கொண்டான். ஆட்டிப் பார்த்தேன், விடவில்லை. அவனுக்கு என்ன பெயர் வைக்கலாம் என்று கேட்டபோது, மனுவேல் என்று வைக்கும்படி தாய் கேட்டாள். எங்கள் குடும்பத்துப் பெயர். என் முகத்துக்கு முன்னால், என் பாட்டனாரின் தொட்டியடியில், அந்தப் பெயரைச் சுவாமி உரக்கச் சொன்னார். அதுவரை மனத்தில் ஏதாவது தயக்கம் இருந்ததென்றால் அந்த இடத்தில் அது போய்விட்டது. சுவாமி மூன்று தடவை ஊற்றினார். மூன்றாவது தடவை பிள்ளையின் தலையை நான் கொஞ்சம் பின்னுக்குச் சரித்துப் பிடித்தேன். வாய்க்குள் நன்றாகப் போயிற்று.

முடிந்ததும் மிஞ்சியதைப் போத்தலில் ஊற்றி சவேரியம்மாளிடம் கொடுத்தேன். நாளுக்கு ஒரு கரண்டி என்று சொன்னேன். அவள் போத்தலைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

பிள்ளை போன செய்தியை லெக்ளேர் சுவாமியே வந்து சொன்னார். சொல்லிவிட்டு என் வாசற்படியில் உட்கார்ந்து சின்னப் பிள்ளைபோல அழுதார். அடக்கத்துக்குப் பிறகு அவர் பூசை வைக்கவில்லை. கை கழுவிக்கொண்டேயிருந்தார். மேலிடத்திலிருந்து ஆள் வந்து அவரைக் கப்பல் ஏற்றி அனுப்பினார்கள். சவேரியம்மாள் இன்னும் லயத்தில்தான் இருக்கிறாள். காணும்போது இப்போதும் கும்பிடுகிறாள். ஞானத்தாயாக நின்ற எனக்கும் அந்தத் துக்கம் பாதி உண்டு என்பது அவளுடைய எண்ணம்.

இதுதான் நடந்தது. பேனையை ஏன் கீழே வைத்துவிட்டீர்கள், சுவாமி?

பாவம் கேட்கும்போது குருவானவர் போடும் ஊதா நிறத் தோள்பட்டியை நீங்கள் சட்டைப் பையிலிருந்து எடுத்ததைக் கண்டேன்.

"பாவசங்கீர்த்தனமாய்ச் சொல்லுங்கோ, றெஜினம்மா. முழங்காலிலை நிண்டு, மனம் நொந்து சொல்லுங்கோ," என்கிறீர்கள். நாற்காலியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டீர்கள்.

வேண்டாம். பாவசங்கீர்த்தனமாகச் சொன்னால் நீங்கள் வெளியே சொல்லமுடியாது. பழி தொட்டியோடு நின்றுவிடும். அதோடு, அங்கே பாவங்களைத்தானே சொல்லவேண்டும்? மாதம் தவறாமல் நான் அங்கே போகிறவள். கோபப்பட்டதையும் பூசையில் பராக்குப் பார்த்ததையும் சொல்லியிருக்கிறேன். இதைச் சொல்லத் தோன்றியதில்லை. நீங்கள் சரித்திரத்தில் எழுதுங்கள்: குழந்தைகளைக் கொன்றது தொட்டியல்ல, மனுவேற்பிள்ளையின் பேத்தி றெஜினா. பொலிசுக்குக் காட்டவேண்டுமென்றால் காட்டுங்கள். கல்லை மட்டும் உடைக்கக்கூடாது.

இன்னொன்றும் கேட்டீர்கள். முகத்தை மூடிக்கொண்டு கேட்டபடியால் சரியாக விளங்கவில்லை.

"தொட்டியிலை நல்ல தண்ணி இருக்கேல்லையோ? அந்த ஒரு பிள்ளைக்காவது அதிலை ஒரு செம்பு எடுத்திருக்கக் கூடாதோ?" என்றுதானே?

இருந்தது, சுவாமி. தாராளமாக இருந்தது. உயிர்த்த ஞாயிற்றுக்கு முதல் நாள், பெரிய சனியன்று மந்திரித்த தண்ணீர் அடுத்த பெரிய சனி வரைக்கும் கெடாமல் இருக்கும். நல்ல குடும்பத்துப் பிள்ளைகள் வருடத்தில் சில பேர்தானே. புதுத் தண்ணீருக்கு இடம் வேண்டுமென்பதால், பழையதைக் கோயிற்காணிக்குள் கால் மிதிபடாத மண்ணில் ஊற்றிவிடவேண்டும் என்பது ஒழுங்கு. அந்தப் பிள்ளை போன வருடமும் செப்புப் பாத்திரம் கழுத்துவரை நிறைந்திருந்தது. நானே மொண்டு மொண்டு மதிலோரம் கொண்டுபோய் ஊற்றினேன். மத்தியானம் வரைக்கும் ஊற்றினேன். மண் நன்றாகக் குடித்தது. லயத்துச் சனங்கள் யாரும் அந்த இடத்தில் கால் வைத்துவிடாமல் முள்ளுக்கம்பி அடித்திருக்கிறேன். போகும்போது பாருங்கள், எவ்வளவு துப்புரவாக வைத்திருக்கிறேன் என்று.